கம்பி போட்ட பிறகு

முதல் பஸ் வருவதற்கு வெகுநேரம் முன்பே அமலி நாகலூர் பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் கட்டும் நீலச் சேலையைக் கட்டியிருந்தாள். எதிரே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சில்வர் ஓக் மரங்களின் உச்சி எது, வானம் எது என்று தெரியவில்லை.

எத்தனை பேர் வருவார்கள்? நேற்று காப்பிப் பழம் அளக்கும் இடத்தில் எல்லோரும் வருகிறேன் என்று தலையாட்டினார்கள். தலையாட்டுவது எளிது. பழம் சிவந்து தொங்கும் நாளில், ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, வெளியே சொல்லக் கூசும் ஒரு காரியத்துக்காக டவுனுக்கு பஸ் ஏறுவது வேறு. ஒருத்தியும் வராவிட்டால் தனியாகவே போய்விடுவது என்று அமலி முடிவு செய்திருந்தாள். ஆனாலும் பனிக்குள்ளிருந்து ஒரு உருவமாவது வராதா என்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியம் இதுதான். போன மழைக்காலத்தில் நாகலூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் நடந்தது. அமலியின் மூன்றாவது பிரசவம் அவளைக் கிட்டத்தட்டக் கொண்டுபோய்விட்டு மீட்டுத் தந்திருந்தது. இனி ஒன்று வேண்டாம் என்று அவளும் அவள் புருஷன் ஆரோக்கியதாஸும் பேசி முடிவெடுத்தார்கள். பங்குச் சாமியாரிடம் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தின்போதும் அதை மட்டும் விழுங்கிவிட்டாள். முகாமில் அவளுக்குக் காப்பர் டி போட்டார்கள். எஸ்டேட் பெண்கள் அதைக் கம்பி என்றார்கள். சின்ன வேலைதான், வலிக்காது, பயப்படாதே என்றார்கள். வலிக்கவும் இல்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் அவர்கள் ஜீப் மலையிறங்கிவிட்டது. அதன் பிறகு அவர்களில் ஒருவரையும் நாகலூரில் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த மாதமே தொடங்கியது. மாதவிலக்கு வந்தால் நிற்பதாக இல்லை. துணி மாற்றி மாற்றித் துவைத்துக் காயப்போட இடமில்லாமல், படுக்கைக்குப் பின்னால் கயிறு கட்டி மறைத்து உலர்த்தினாள். அடிவயிறு பிசைந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. இது கம்பியின் வேலையா, உடம்பில் வேறு ஏதேனும் முளைத்துவிட்டதா, சாமிக்குச் சொல்லாமல் செய்ததற்குத் தண்டனையா என்று கேட்க அவளுக்கு ஆளில்லை. ஒருமுறை டவுனில் ஏரிக்கு மேலே இருக்கும் தோட்டத் தொழிலாளர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நர்ஸ் சாந்தாமேரி வாசலிலேயே விசாரித்துவிட்டு, இதை நாங்கள் போடவில்லையே, போட்டவர்களிடம் போய்க் கேள் என்று அனுப்பிவிட்டாள். போட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அமலிக்குத் தெரியாது.

அப்புறம் ஒருநாள் காப்பிச் செடிகளுக்கு நடுவில் கண் இருட்டி விழுந்தாள். பறித்த பழமெல்லாம் சரிவில் உருண்டோடியது. கண்ணைத் திறந்தபோது பக்கத்து வரிசையில் பறித்துக்கொண்டிருந்த பாவாயி அவள் தலையை மடியில் வைத்து முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பாவாயி மலைக்காரி, மேலே பழங்குடிக் கிராமத்திலிருந்து பழக்காலத்தில் மட்டும் எஸ்டேட்டுக்கு வருகிறவள். அமலியின் வெளிறிப்போன உதட்டையும் நனைந்திருந்த சேலையையும் பார்த்துவிட்டு, குனிந்து காதோடு கேட்டாள்:

"உனக்குமா?"

அந்த ஒரு சொல்லில் அமலிக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகை. தனக்கு மட்டுமில்லை.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான். பறித்துக்கொண்டே பேசினார்கள். இந்த வரிசையிலிருந்து அந்த வரிசைக்குப் பேச்சு செடிகளின் ஊடே ஊர்ந்து போனது. ஒருத்திக்கு இடுப்பு கழன்று விடுவதுபோல வலி. ஒருத்திக்குத் தீட்டு ஒரேயடியாக வரவே இல்லை என்று பயம். ஒருத்தி, கம்பி மெல்ல மேலேறி நெஞ்சுக்குள் போய்விடும் என்று கேள்விப்பட்டு தினமும் மாரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாயிக்கு அடிவயிற்று வலியோடு குளிர்காய்ச்சல் வேறு வந்து வந்து போனது. அதைப் பனியில் நனைந்ததால் வந்த காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் குடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருத்தியும் தான் ஒருத்திதான் என்று நினைத்து வாயைக் கட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

தனியாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். எல்லோரும் சேர்ந்து போனால்? இந்த எண்ணம் வந்த மாத்திரத்தில் அமலிக்கு உடம்பில் இல்லாத ரத்தமெல்லாம் முகத்துக்கு ஏறியதுபோல் இருந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு வரிசை வரிசையாகப் போய்ச் சொன்னாள்.

அப்படி வந்து நின்றதுதான் இந்தப் பனிக்காலை.

முதலில் பாவாயி வந்தாள். போர்வையை இழுத்துப் போர்த்தி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆனால் வந்துவிட்டாள். பிறகு மேல் லைன் வீடுகளிலிருந்து இரண்டு பேர். பிறகு பாதை வளைவில் ஒரே கும்பலாகச் சேலைகள் தெரிந்தன. வந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பஸ் முனகிக்கொண்டு வந்து நின்றபோது நிறுத்தத்தில் இடமில்லை.

கண்டக்டர் வேலுசாமி படியில் நின்றபடி கண்ணை அகல விரித்தார். யார் கல்யாணம் என்று கேட்டார். யாரும் பதில் சொல்லாமல் ஏறினார்கள். கல்யாணமில்லை என்றால் எழவா என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். பின்வரிசையில் உட்கார்ந்த பாவாயி, ரெண்டுமில்லீங்க, எங்க உடம்புக்கு நாங்களே போறமுங்க என்றாள். வேலுசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் விசில் அடிக்காமல், இன்னும் ஓடி வருகிறவர்களுக்காகக் காத்திருந்தார்.

அப்போதுதான் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பெரியநாயகம் மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். காலையில் பேர் கூப்பிட்டுப் பார்த்தால் ஆளில்லை. மேஸ்திரி சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. பஸ்ஸுக்குக் குறுக்கே நின்று, பழம் தரையில் கொட்டுகிறது, இப்படி ஒரே நாளில் எல்லோரும் கிளம்பினால் துரைக்கு நான் என்ன பதில் சொல்வது, இறங்குங்கள் என்று சத்தம் போட்டார். உள்ளே சலசலப்பு அடங்கியது. ஒன்றிரண்டு பேர் எழுந்திருக்கக்கூடச் செய்தார்கள்.

அமலி படிக்கு வந்தாள். அவள் ரைட்டர் முகத்தைப் பார்த்துப் பேசியதே கிடையாது.

"ஏனுங்க, பழம் நாளைக்கும் செடியில இருக்குமுங்க. நாங்க இருக்கோணுமில்லீங்களா?"

பெரியநாயகம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அவர் கண் அமலியைத் தாண்டி பஸ்ஸுக்குள் போயிருந்தது. ஜன்னலோரம், டிரைவருக்குப் பின்சீட்டில், முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவருடைய சொந்த மனைவி இன்பமேரி.

அமலியே அப்போதுதான் அவளைப் பார்த்தாள். ரைட்டர் வீட்டம்மா பழம் பறிக்க வருகிறவள் இல்லை. பேச்சு செடிகளைத் தாண்டி ரைட்டர் குவார்ட்டர்ஸ் வரைக்கும் போயிருக்கிறது.

பஸ் முழுக்க மூச்சு விடாமல் பார்த்தது. இன்பமேரி முந்தானையை விலக்கிப் புருஷனைப் பார்த்தாள். அவள் எத்தனையோ நாள் வாய் திறக்காமல் சுருண்டு படுத்துக் கிடந்ததை அவர் இப்போதுதான் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். மஃப்ளரை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு சாலையோரம் ஒதுங்கினார்.

"போயிட்டு வாங்க. துரைகிட்ட நான் பேசிக்கறேன்" என்றார்.

வேலுசாமி விசில் அடித்தார். பஸ் கிளம்பியதும் சிரிப்பு பீறிட்டுக் கிளம்பியது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது. இன்பமேரியும் சிரித்தாள். கொண்டை ஊசி போல் சாலை வளைந்தபோதெல்லாம் ஒருத்தர் மேல் ஒருத்தர் சாய்ந்தார்கள். பாவாயியை மட்டும் யாரும் இடிக்காமல் நடுவில் வைத்து அணைகட்டிக்கொண்டார்கள். அமலிக்குப் பள்ளிக்கூட நாளில் குற்றாலச் சுற்றுலாவுக்குக் காசு கொடுத்துவிட்டுக் காத்திருந்த காலை நினைவுக்கு வந்தது. அதைவிட இது பெரிய பயணம்.

டவுனில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி, கடைக்காரர்கள் எல்லோரும் எட்டிப் பார்க்க, ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். இத்தனை பேர் வருவதை ஜன்னல் வழியாகப் பார்த்த நர்ஸ் சாந்தாமேரி ஏதோ எஸ்டேட்டில் கலாட்டா என்று நினைத்துவிட்டாள். ஓடி வந்து கம்பிக்கதவைச் சாத்தினாள். அமலியை அடையாளம் தெரிந்ததும் அவள் முகம் சுருங்கியது. உனக்கு அன்றைக்கே சொன்னேனே என்று ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டு டாக்டர் கமலா வெளியே வந்தார். சேலத்திலிருந்து வந்து சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் கையில் பாதி குடித்த டீயுமாக வந்தவர், கதவுக்கு அந்தப் பக்கம் நின்ற முகங்களைப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்டார்.

அமலி வழியெல்லாம் ஒரு பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். மரியாதையாக, முதலிலிருந்து கடைசி வரை, கோர்வையாக. டாக்டர் முகத்தைப் பார்த்ததும் அத்தனையும் ஆவியாகிவிட்டது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"எங்களுக்கெல்லாம் கம்பி போட்டாங்க டாக்டரம்மா. வேண்டி விரும்பித்தான் போட்டுக்கிட்டோம். போட்டதுக்கப்புறம் நீ எப்படியிருக்கேன்னு ஒருத்தரும் எங்களைக் கேக்கலீங்க."

டாக்டர் டீ கிளாஸைச் சுவர்மேல் வைத்தார். கதவைத் திறக்கச் சொன்னார். சாந்தாமேரி, நாம் போட்டதில்லையே டாக்டர் என்று மெல்லச் சொன்னாள். அதற்கு அவர், வலிக்கிறவளுக்கு யார் போட்டால் என்ன என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு இறங்கி, வெயில் விழ ஆரம்பித்திருந்த புல்லில் தாமே முதலில் உட்கார்ந்தார். எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"இப்ப நான் கேக்கறேன். நீங்க எப்படியிருக்கீங்க?"

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். டாக்டர் கையை உயர்த்தவில்லை, அதட்டவில்லை. குரல்கள் தாமாகவே ஓய்ந்து ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று பயந்தவளிடம், கர்ப்பப்பை என்பது மூடிய பை, அங்கிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது என்று மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினார். கம்பி சரியாக இருக்கிறதா என்று அதன் அடியில் தொங்கும் நூலைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்றார். முதல் சில மாதங்கள் தீட்டு அதிகமாக வருவதும் வயிறு வலிப்பதும் பல பேருக்கு உண்டு என்றார். அதைக் கேட்டதும் ஒரு பெருமூச்சு புல்வெளி முழுக்கப் போனது. எல்லோரும் ஒரே நேரத்தில் விட்ட மூச்சு.

"இது எல்லாம் வரும்னு போடறதுக்கு முந்தியே சொல்லியிருக்கோணும். போட்டதுக்கப்புறம் வந்து பாத்திருக்கோணும்" என்றார் டாக்டர். அவர் குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் தங்கள் மேல் இல்லை என்று அமலிக்குப் புரிந்தது. தனக்காக இன்னொருவர் கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை.

பாவாயியின் நெற்றியைத் தொட்டதும் டாக்டர் எழுந்துவிட்டார். முதலில் அவளைத்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்து, உள்ளே புண்பட்டுச் சீழ் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, கம்பியை எடுத்துவிட்டு ஊசி போட வேண்டும், இங்கேயே தங்கட்டும் என்றார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும், நல்ல வேளையாக வந்தீர்கள் என்றார். வாசலில் நின்ற சாந்தாமேரி அமலியை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் உள்ளே போய் ஊசிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தாள்.

அதன் பிறகு ஒவ்வொருவராக. உள்ளே போனவள் வெளியே வரும்போது மற்றவர்கள் சூழ்ந்துகொள்வார்கள். வெளியே வருகிற ஒவ்வொரு முகத்திலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். சிலர் எடுத்துவிட்டார்கள். சிலர் வைத்துக்கொண்டார்கள். தீட்டு வரவில்லை என்று பயந்தவளுக்குக் கம்பி எப்போதோ தானாக விழுந்துவிட்டிருந்தது, வயிற்றில் பிள்ளை. அவள் கொஞ்சம் அழுதாள், பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள். ரைட்டர் மனைவி இன்பமேரிக்கு உடம்பில் ரத்தம் நன்றாகவே இருந்தது. வலிக்கிற நாட்களுக்கு மட்டும் மாத்திரை வாங்கிக்கொண்டு, இது இன்னும் கொஞ்ச நாளில் அடங்கிவிடும் என்றால் இருக்கட்டும், எனக்கு வேண்டியதுதான் இது என்று சொல்லிவிட்டாள்.

அமலியின் முறை வந்தது. டாக்டர் அவள் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். உனக்கு இதை வைத்துக்கொள்ளும் அளவுக்கு உடம்பில் ரத்தமில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்டார். அமலிக்கு அந்தக் கேள்வியே புதிதாக இருந்தது. எடுக்கிறேன் என்று சொல்லவில்லை. எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

"எடுத்தா மறுபடி பிள்ளை வந்திருமுங்களே?"

வேறு வழிகள் இருக்கின்றன என்று டாக்டர் சொன்னார். புருஷன் உபயோகிக்கும் உறை ஒன்று, தினமும் சாப்பிடும் மாத்திரை ஒன்று, ஆபரேஷன் ஒன்று. ஒவ்வொன்றிலும் என்ன நல்லது, என்ன தொல்லை என்று சொன்னார். கைப்பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாயா என்று கேட்டு, நிறுத்தியாச்சு என்றதும் பிரஷர் பார்த்தார். அமலி யோசித்தாள். இத்தனை நாளும் நெஞ்சில் கல்லாகக் கிடந்ததை அப்போதுதான் வெளியே எடுத்தாள்.

"இது சாமி குடுத்த தண்டனை இல்லீங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "கம்பி பண்ணின வேலைக்குச் சாமி மேல எதுக்குக் கண்ணு பழி போடறே?" என்றார்.

அமலி மாத்திரையைத் தேர்ந்தெடுத்தாள். டாக்டர் மாத்திரை அட்டையைக் கையில் கொடுப்பதற்கு முன் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார். முதலில் கொஞ்ச நாளைக்குக் குமட்டும், ராத்திரிச் சோற்றுக்கு அப்புறம் போட்டால் குறையும். நடுவில் லேசாகத் தீட்டுப் படலாம், பயப்படாதே. ஆனால் பொறுக்க முடியாத தலைவலி வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, பார்வை மங்கினாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வா. ஒன்றும் இல்லாவிட்டாலும் வந்து காட்டு. கூடவே ரத்தம் ஊறுவதற்கு இரும்புச்சத்து மாத்திரையும், முருங்கைக்கீரையும்.

பாவாயியை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு மாலை பஸ்ஸில் திரும்பினார்கள். அமலி வீட்டுக்குள் நுழைந்தபோது ஆரோக்கியதாஸ் அடுப்பு முன்னால் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எஸ்டேட் லாரி ஓட்டுகிறவன் அன்றைக்கு லீவு போட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டான். உப்பு அதிகமான ரசமும் குழைந்த சோறும் தயாராக இருந்தன. அமலி கால் நீட்டி உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னாள். ரைட்டர் வாய் திறந்தபடி நின்றதிலிருந்து, டாக்டர் மண்ணில் போட்ட படம் வரை. கயிறு கட்டி மறைத்துத் துணி உலர்த்தியதையும் சொன்னாள். அதை அவன் அறியான்.

ஆரோக்கியதாஸ் அகப்பையைக் கீழே வைத்தான்.

"தள்ளித் தள்ளிப் படுத்தியே, என்னைப் புடிக்காமப் போச்சோன்னு நெனச்சேன் புள்ள."

"ஏனுங்க, கேட்டிருக்கலாமில்ல?"

"நீ சொல்லியிருக்கலாமில்ல?"

அவன் அவளுக்கு இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினான். உப்புத்தான். அமலி கையில் வாங்கிக் குடித்தாள்.

மாத்திரை போட ஆரம்பித்த சில நாட்களில், பழம் பறித்துக்கொண்டிருக்கும்போது அமலிக்கு வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. செடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் பதறி ஓடி வந்தார்கள். நிமிர்ந்தவள் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவர்கள் மிரண்டுபோனார்கள்.

"குமட்டுமுன்னு சொன்னாங்க. குமட்டுது" என்றாள் அமலி. "சொன்னபடியே வருது பாரேன்."

போன முறை உடம்பில் எது வந்தாலும் அது இருட்டில் கால்பட்ட பாம்புபோல இருந்தது. இப்போது அது டாக்டர் முன்கூட்டியே பேர் சொல்லி அறிமுகப்படுத்தியிருந்த விருந்தாளி. வந்தது, இருந்தது, கொஞ்ச நாளில் போய்விட்டது.

ஆனால் அன்றைக்கு டாக்டர் இன்னொரு வாக்கும் கொடுத்திருந்தார். அடுத்த மாதத்திலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் நர்ஸ் நாகலூருக்கே வந்து எல்லோரையும் பார்ப்பாள் என்று. இதைத்தான் யாரும் நம்பவில்லை. வருகிறவர்கள் ஒருமுறைதான் வருவார்கள். அதுதான் அவர்கள் கண்ட அனுபவம்.

முதல் வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. மழையோடு பனி. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கொட்டகையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் கூடினார்கள். யாரும் எதற்காகக் கூடியிருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பஸ் வந்து போன சத்தம் கேட்டது. கொட்டகை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. ஒருத்தி எழுந்து சேலையை உதறினாள்.

அப்போது சரிவில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. பாதை சேறாக இருந்ததால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, வெள்ளைச் சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தோளில் பையோடு சாந்தாமேரி இறங்கி வந்துகொண்டிருந்தாள். கொட்டகையிலிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். யாரோ ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டார்கள். யாரோ சூடாகக் காப்பி கொண்டுவந்தார்கள். சாந்தாமேரி அதைக் குடித்துவிட்டு நேராக அமலியிடம் வந்தாள்.

"அன்னிக்கு வாசல்லயே திருப்பி அனுப்பிட்டேன்" என்றாள். அமலியின் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, "கொஞ்சம் செவப்பு ஏறியிருக்குது" என்றாள். கொட்டகையே தனக்கு ஏறியதுபோல மகிழ்ந்தது.

அதற்குள் பாவாயியும் தேறித் திரும்பியிருந்தாள். பழையபடி வரிசையில் எல்லோரையும் முந்திக்கொண்டு பறித்தாள். வெள்ளிக்கிழமைகளில் கொட்டகையில் முதல் ஆளாக உட்கார்ந்து, காய்ச்சலோடு வயிறு வலித்தால் கஷாயம் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள் என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னாள்.

கோடையில் மறுபடி முகாம் போடப் போவதாகச் செய்தி வந்தது. இந்த முறை கம்பி போடுவது டாக்டர் கமலாவின் மேற்பார்வையில்தான். அதற்கு முந்தின வாரம் அவர் அமலியை அழைத்து, வருகிற பெண்களிடம் நீ முதலில் பேச வேண்டும் என்றார். அமலி திகைத்தாள். எனக்குக் கம்பி ஒத்துக்கொள்ளவில்லை, அதைச் சொன்னால் எல்லோரும் ஓடிவிடமாட்டார்களா என்று கேட்டாள். ஓடுகிறவர்கள் ஓடட்டும், தெரிந்துகொண்டு ஓடட்டும், தெரிந்துகொண்டு வருகிறவர்கள் வரட்டும் என்றார் டாக்டர்.

முகாம் நாளில் பள்ளிக்கூடத்து பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தும் வந்திருந்தார்கள். அமலி கரும்பலகைக்கு முன்னால் நின்றாள். முதல் சில வார்த்தைகள் காற்றாக வந்தன. பின்வரிசையிலிருந்து பாவாயி, சத்தமாச் சொல்லு புள்ள, எங்களுக்குக் கேக்கல என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததும் அமலிக்குப் பயம் போய்விட்டது. நடந்ததையெல்லாம் சொன்னாள். கயிற்றில் மறைத்து உலர்த்திய துணியைச் சொன்னபோது பல தலைகள் குனிந்தன. பிறகு இன்பமேரியைக் காட்டி, இந்த அக்காவுக்கு அதே கம்பி இப்போது ஒரு தொல்லையும் இல்லாமல் இருக்கிறது, அவரையும் கேளுங்கள் என்றாள். இன்பமேரி எழுந்து, முதல் மூன்று நாலு மாசம் வலித்தது, இப்போது இருப்பதே தெரியவில்லை என்றாள். கேள்விகள் கிளம்பின. அமலி தனக்குத் தெரிந்ததற்குப் பதில் சொன்னாள், தெரியாததை டாக்டர் பக்கம் தள்ளினாள். அவள் குரல் அந்தப் பெரிய அறையின் கடைசிச் சுவர் வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அது தன் குரல்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பேசி முடித்ததும் பக்கத்து எஸ்டேட்டைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி அமலியிடம் வந்தாள். கைப்பிள்ளைக்காரி. அக்கா, நான் போட்டுக்கட்டுமா வேண்டாமா, நீங்களே சொல்லிவிடுங்கள் என்றாள்.

"அதை நான் சொல்லமாட்டேன் கண்ணு" என்றாள் அமலி. "என்ன வருமின்னு சொல்லிட்டேன். வந்தா யாரு பாப்பாங்கன்னும் சொல்லிட்டேன். நீ யோசிச்சுக்கோ."

அந்தப் பெண் நெடுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, வரிசையில் நிற்காமல், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். தன் பேச்சால்தான் போய்விட்டாளோ என்று அமலி டாக்டரைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் முகம் மாறவில்லை. வரிசையில் அடுத்தவளைக் கூப்பிட்டார். வரிசை அப்போதும் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வெளியே வெயிலில் நின்றிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை கொட்டகையில் வேலை முடிந்ததும் அமலி சாந்தாமேரியிடம், இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். இருவரும் மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு இடையே குறுக்குப் பாதையில் ஏறி, பக்கத்து எஸ்டேட் லைனுக்குப் போனார்கள். விசாரித்து விசாரித்து, முகாமிலிருந்து எழுந்துபோன கைப்பிள்ளைக்காரியின் கதவைக் கண்டுபிடித்தார்கள். கதவைத் திறந்தவள் இருவரையும் பார்த்து விழித்தாள். இடுப்பில் பிள்ளை.

"நாந்தான் போட்டுக்கலியே அக்கா. என்னை எதுக்குப் பாக்க வந்தீங்க?"

ஏற்றத்தில் வந்த மூச்சிரைப்போடு அமலி சிரித்தாள். இந்த ஏற்றத்தில் இப்போது அவளுக்குக் கண் இருட்டவில்லை.

"அதுக்குத்தான் வந்தோம். நீ எப்படியிருக்கே?"

அந்தப் பெண் கதவை முழுக்கத் திறந்துவிட்டு, உள்ளே வந்து உட்காருங்கள், கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது என்றாள்.